ஒரே இடத்தில் ஒன்பது ஆண்டுகள்

அந்தக் காரின் வானொலியில் ஒரேயொரு நிலையம்தான் எடுபடும். ஜப்பானில் பல ஆண்டுகள் ஓடிய பிறகு கப்பலேறி ஒக்லாந்துக்கு வந்த கார் அது. ஜப்பான் வானொலிகளின் அலைவரிசை இங்குள்ளவற்றுக்குக் கீழேயே முடிந்துவிடும். முள்ளைக் கடைசிவரை தள்ளினால் ஓரத்தில் ஒரு நிலையம் மட்டும் அகப்படும். பாட்டு, விளம்பரம், எந்தச் சந்தியில் எவ்வளவு நெரிசல் என்ற அறிவிப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், காலை ஐந்தரை மணிக்கு ரானுயியில் அந்தக் காரில் ஏறி, அந்த ஒரே நிலையத்தைக் கேட்டுக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மனுரேவாவுக்கு வேலைக்குப் போனேன்.

காரில் மூன்று பேர். ஓட்டுபவரே காரின் சொந்தக்காரர். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். பக்கத்தில் நான். பின் ஆசனத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த முப்பது வயதுக்காரர் ஒருவர். அவருக்குக் கணினிப் பிரிவில் வேலை. அண்ணைக்கும் எனக்கும் ஸ்டோர்ஸில். குளிர்சாதனப் பெட்டிகள், சலவை இயந்திரங்கள் ஆகியவற்றின் உதிரிப்பாகங்களை நாடு முழுவதும் அனுப்பும் கம்பனி அது. பட்டியலைப் பார்த்துத் தட்டிலிருந்து பாகத்தை எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவது எங்கள் வேலை. அண்ணை அங்கே ஒன்பது ஆண்டுகள். நான் இரண்டு. முதல் ஆண்டு கூப்பிட்டால் போகிற வேலை, இரண்டாம் ஆண்டிலிருந்துதான் நிரந்தரம்.

அதற்கு முன் நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். அகதியாக வந்து, இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. மனைவியும் மகளும் கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகளுக்கு ஏழு மாதம். இதெல்லாம் நடக்கும்போது நாலு வயது. அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தில் எல்லாத் தாள்களும் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. நான் நிரந்தரமாக, முழுநேரமாக வேலை செய்கிறேன் என்று கம்பனியின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம். அண்மையில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். அதைக் கேட்கலாம் என்று நான் தீர்மானித்த வாரத்தில்தான் சாப்பாட்டறைக்குக் கம்பனிச் செலவில் சொசேஜ் ரோல் வந்தது.

போர்க்லிப்ட் ஓட்டும் சமோவா நாட்டுக்காரர் தட்டுகளைப் பார்த்ததுமே சொன்னார்: "போன தடவை சொசேஜ் ரோல் தந்தபோது பெயின்ட் பிரிவு போனது. சான்ட்விச்சும் இருக்கிறது. இந்தத் தடவை பெரிதாக இருக்கும்."

சரியாகத்தான் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கம்பனியை ஓர் அமெரிக்கக் கம்பனி வாங்கியிருந்தது. அமெரிக்காவில் அதன் கிளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் எங்களிடம் வந்திருக்கிறார்கள். ஸ்டோர்ஸில் உள்ள ஆறு வேலைகளும் இல்லாமல் ஆக்கப்படும் என்று முகாமையாளர் தாளைப் பார்த்து வாசித்தார். ஆட்கள் அல்ல, வேலைகள்தான் என்று இரண்டு தடவை சொன்னார். அவற்றுக்குப் பதிலாக மூன்று புதிய வேலைகள் வரும். பெயர் வேறு. ஆறு பேரும் விண்ணப்பிக்கலாம். விரும்பினால் ரோலை வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

அன்று பின்னேரம் காரில் அண்ணை கேட்டார்: "அப்ப, நாங்கள் செய்யிற வேலைக்கு நாங்களே விண்ணப்பம் போட வேணுமோ?"

"ஆமாண்ணா," என்றார் பின்னாலிருந்தவர். "நம்ம சட்டையக் கழட்டி வாங்கிட்டு, இது யாருக்குச் சரியா இருக்கும்னு பார்க்கிறாங்க. அவ்ளோதான்."

"உமக்குப் பகிடி. உம்மடை பிரிவிலை கை வைக்கேல்லை."

"வைப்பாங்கண்ணா. முதல்ல உங்க லிஸ்ட்ட நான் டைப் பண்ணணும். அப்புறம்தான் என்னத் தூக்குவாங்க."

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு பேர், மூன்று இடம். மற்ற நால்வரில் இருவருக்கு இடம் நிச்சயம் என்றுதான் எனக்குப் பட்டது. போர்க்லிப்ட் உரிமம் உள்ளவர் ஒருவர், கணினி தெரிந்த இளம் பெண் ஒருத்தி. மற்ற இருவரும் தாங்களே போய்விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீதி ஓர் இடம். அதற்கு இரண்டு பேர். இருவரும் ஒரே காரின் முன் ஆசனங்களில் இருந்தோம்.

அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை. வடமேற்கு மோட்டார்வே கடலுக்குள் அணை கட்டிப் போகும் இடத்தில் இரு பக்கமும் கண்டல் மரங்கள். நீர் வற்றிய நேரத்தில் சேறு தெரியும். அந்த இடத்தில் எப்போதும் நெரிசல். முன்னாலும் போக முடியாது, இறங்கவும் முடியாது. வழக்கமாக அண்ணை அங்கே மன்னாரின் கடலைப் பற்றி ஏதாவது சொல்வார். அந்த வாரங்களில் அதுவும் இல்லை. வானொலி மட்டும் அந்த நெரிசலைப் பற்றியே எங்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்துடன் இன்னொரு தாளும் இருந்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் அவருடன் வேலை செய்யும் ஒருவர் நிரப்பிக் கொடுக்க வேண்டிய மதிப்பீட்டுப் படிவம். யார் நிரப்புவது என்பதை விண்ணப்பிப்பவரே தீர்மானிக்கலாம்.

"தம்பி, எனக்கு நீர் எழுதும்," என்றார் அண்ணை. "பேப்பர்காரன் எழுதினால் பிழை வராது. உமக்கு நான் எழுதுறன்."

ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இருவர் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதுவது சரியா என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பது, போட்டி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை மேசையில் பிளேன் டீயும் மீன் கட்லட்டும் வைத்துவிட்டு அவருடைய மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். முன்னறையில் மகள்மார் இருவரும் தொலைக்காட்சி பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் பதில் வந்தது. சத்தம் குறையவில்லை.

"எத்தினை வருசம் எண்டதை முதலிலை போடும்," என்றார் அண்ணை. "லீவு எடுக்காததையும் போடும். கால் முறிஞ்ச நேரம் மட்டும்தான் எடுத்தனான்."

எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்திரிகையில் எனக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று பிரியாவிடைகளும் மணிவிழாக்களும். ஓய்வுபெறும் அதிபர், இளைப்பாறும் தபாலதிபர், அறுபது வயதான சங்கத் தலைவர். அவர்களைப் பற்றி எழுத ஒரு முறை இருந்தது. ஒரே இடத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று தொடங்க வேண்டும். பதவி உயர்வுகளை நாடாதவர் என்று சொல்ல வேண்டும். மேலதிகாரிகள் மாறினாலும் அவர் மாறவில்லை, தன் துன்பத்தை யாருக்கும் சொன்னதில்லை, பிறருக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை. வாசகர்கள் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய வீடுகளும் எனக்குத் தெரியும்.

அதே முறையில் ஆங்கிலத்தில் எழுதினேன். அவர்களுக்காகத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இவர் ஒன்பது ஆண்டுகளாக இதே இடத்தில் இதே வேலையைச் செய்து வருகிறார். வேறு பிரிவுக்குப் போக ஒருபோதும் கேட்டதில்லை. எந்தப் பாகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை அறிய இவருக்குக் கணினி தேவைப்படுவதில்லை. மூன்று முகாமையாளர்கள் மாறியிருக்கிறார்கள். இவர் வேலை செய்யும் விதம் மாறியதில்லை. பிழை நேர்ந்தால் யாரையும் கூப்பிடாமல் தானே இருந்து திருத்துவார். மேலிடத்து முடிவுகளைப் பற்றி இவர் ஒரு கேள்வி கேட்டு நான் கண்டதில்லை."

குழாய் நின்றது. அண்ணையின் மனைவி ஈரக் கையுடன் திரும்பிப் பார்த்தார். "எங்கடை கலியாணத்திலைகூட உங்களைப் பற்றி இப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லையப்பா."

"சொல்ல அப்ப என்ன இருந்தது?" என்றார் அண்ணை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு தான் என்னைப் பற்றி எழுதியதைத் தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினார். நாலே வரி, பெரிய எழுத்தில். இவர் எப்போதும் ஏன் என்று கேட்பார். எல்லாவற்றையும் இடம் மாற்றுவார். நிற லேபிள்களை ஒட்டினார், நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இப்போது வேலை சீக்கிரம் முடிகிறது.

இரண்டு தடவை வாசித்தேன். இது முறைப்பாடு, மதிப்பீடு அல்ல. இந்த நாலு வரியில் என் வேலை போய்விடும், வேலையோடு கடிதம், கடிதத்தோடு வெள்ளவத்தை.

"அண்ணை, ஆங்கிலத்தைக் கொஞ்சம் திருத்தட்டோ?"

"வேண்டாம் தம்பி. எனக்கு எழுத வராது. உள்ளதை எழுதிப்போட்டன். நீர் திருத்தினால் அது உம்மடை எழுத்தாப் போயிடும்."

நியாயமான பேச்சு. தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். தன்னைப் பற்றிய படிவத்தை அவர் அன்றே தெருமுனையில் இருக்கும் டெய்ரி என்ற சில்லறைக் கடைக்குக் கொண்டுபோய், பாலும் பாணும் வாங்கும்போது ஒரு போட்டோகொப்பி எடுத்தார். மூலத்தை என்னிடம் தந்தார். கொப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காரின் டாஷ்போர்ட் லாச்சிக்குள் வைத்தார். காரின் பதிவுத்தாளும் அந்தோனியார் படமும் இருக்கும் இடம் அது. சாப்பாட்டறையில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். எழுதியவரே படிவத்தை அதற்குள் போட வேண்டும், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிவரை நேரம்.

எனக்கு நேர்முகம் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு.

நேர்முகம் நடத்தியவர் அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மேசையில் ஒரு தண்ணீர்க் கூசா, இரண்டு கண்ணாடித் தம்ளர், ஒரு மஞ்சள் தாள் கட்டு. முதற் கேள்வி: "கடந்த ஓராண்டில் நீங்கள் மாற்றிய ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

நான் லேபிள்களைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறத்தில் சீட்டு வைத்திருப்போம், அதையே தட்டுகளுக்கும் செய்தேன் என்றேன். அவர் எழுதத் தொடங்கினார். மாற்றும்போது யாராவது எதிர்த்தார்களா? எதிர்த்தார்கள். கேட்டு நிறுத்தினீர்களா? இல்லை. அவர் இன்னும் வேகமாக எழுதினார். முகாமையாளருடன் கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பம்? வேறு பிரிவு ஒன்றில் வேலை செய்ய விருப்பமா? தெரியாத ஒன்றை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சந்தர்ப்பம்?

ஒரு பத்திரிகை மேசையில் பத்து வருடம் இருந்தவனுக்கு, எதிரே இருப்பவர் எந்த வசனத்தைத் தலைப்புக்கு எடுக்கிறார் என்பது பேனையின் அசைவிலேயே தெரியும். இரண்டரை மணிக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது இரண்டு விடயங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. அண்ணையின் நாலு வரி எனக்குக் கெடுதல் அல்ல. என் பையில் இருக்கும் படிவம் அண்ணைக்குக் கெடுதல். நான் பாராட்டாக எழுதிய ஒவ்வொரு வசனமும் அந்த அறைக்குள் ஒரு குறையாக வாசிக்கப்படும். ஒன்றும் மிஞ்சாது.

பின்னேரம் காரில் அண்ணை கேட்டார்: "என்ன கேட்டவ?"

"வழமையான கேள்விகள்தான், அண்ணை."

பின்னாலிருந்தவர் முன்னால் சாய்ந்தார். "அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு உள்ள போனதும் மாத்தினேன், மாத்தினேன்னு சொல்லுங்க. இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேணும். எதை மாத்தினேன்னு கேட்டா, டயர மாத்தினேன்னு சொல்லுங்க."

"நான் ஒண்டையும் மாத்தேல்லை, தம்பி. எல்லாம் சரியா இருக்கிறபடியால்தான் மாத்தேல்லை."

"சார், நீங்க சொல்லுங்க அவருக்கு," என்றார் சென்னைக்காரர் என்னிடம்.

அண்ணை என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். நான் சொன்னேன்: "உங்களுக்குத் தெரியாததோ, அண்ணை. உள்ளதைச் சொல்லுங்கோ."

அந்த வசனத்தை அதற்குப் பிறகு பல தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை.

புதன்கிழமை அவர் பூசைக்குப் போடும் கோட்டும் டையுமாக வந்தார். பெட்டிகளுக்கு நடுவே காலை முழுவதும் கோட்டைக் கழற்றாமல் வேலை செய்தார். நேர்முகம் முடிந்து வந்து, "கெதியா முடிஞ்சுது. நல்ல பிள்ளை. தண்ணி தந்தவ," என்றார்.

வியாழன் என்று ஒரு நாள் இருந்தது. வெள்ளி காலை என்று ஒரு நேரம் இருந்தது. படிவத்தை மாற்றி எழுத அரை மணித்தியாலம் போதும். பொய் சொல்லவும் தேவையில்லை. நான் வருவதற்கு முந்திய ஆண்டு மழைத்தண்ணீர் உள்ளே வந்து கீழ்த்தட்டுகள் எல்லாம் நனைந்தபோது, முழு ஸ்டோர்ஸையும் ஒரு வாரத்தில் மேலே ஏற்றி வேறு ஒழுங்கில் அடுக்கியவர் அண்ணைதான். புதிதாக வந்த எல்லோரையும் பழக்கியவரும் அவர்தான், என்னையும் சேர்த்து. இரண்டும் எனக்குத் தெரியும். பிரியாவிடை எழுதும் முறையில் அவற்றுக்கு இடமில்லாததால் விட்டிருந்தேன்.

அவர் பார்த்து ஒப்புக்கொண்ட ஒன்றை அவருக்குத் தெரியாமல் மாற்றுவது முறையல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லி மாற்றலாமே என்றால், சனிக்கிழமை அந்தச் சமையலறையில் நடந்ததைத் திருப்பி எடுக்க வேண்டும். அது நல்ல காரணம்தான். அவ்வளவு நல்லதாக இருந்ததுதான் எனக்கு இடறியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, எழுதியது எழுதியபடியே, படிவத்தைப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டியின் வாய் சிறியது. இரண்டாக மடித்துத்தான் போட முடிந்தது.

அடுத்த புதன்கிழமை கடித உறைகள் வந்தன. போர்க்லிப்ட்காரர், கணினி தெரிந்த பெண், நான்.

அண்ணை தன் கடிதத்தை நின்றபடி வாசித்து, மடித்து, உறைக்குள் திரும்ப வைத்தார். மூன்று பேரிடமும் வந்து கை கொடுத்தார். அன்று காரில் வானொலியை அவரே நிறுத்தினார். கண்டல் மரங்களுக்கு நடுவே வாகனங்கள் நின்றபோதுதான் அண்ணை வாய் திறந்தார்.

"தம்பி, நீர் நிக்கிறீர். அது காணும். உம்மடை மனிசியும் பிள்ளையும் வரவேணும்."

நான் தலையாட்டினேன். முன்னால் நின்ற லொறியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு கிழமை நோட்டீஸ் இருக்கு," என்றார் அவர். "நாளைக்கும் அஞ்சரைக்கு வாறன். பிந்தாதையும்."

அந்த நாலு கிழமையும் அவர் ஒருநாளும் பிந்தவில்லை. கடைசி வாரத்தில், எங்களுக்குத் தெரியாத பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு கொப்பிப் புத்தகத்தில் எழுதித் தந்தார்.

இதற்கிடையில் நான் கடிதத்துக்காக அந்த அமெரிக்கப் பெண்ணிடம் போனேன். அதில் கையெழுத்திடும் அதிகாரம் அப்போது அவரிடம்தான் இருந்தது. அவர் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார். அடுத்த நாள் பயணம். தட்டச்சு செய்யப்பட்ட கடிதத்தை வாசித்தார். நிரந்தரம், முழுநேரம். "மனைவியும் குழந்தையுமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பிறகு, எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

"உங்கள் படிவம் மிகவும் உதவியாக இருந்தது. பொதுவாக நண்பர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துதான் எழுதுவார்கள். நீங்கள் நேர்மையாக எழுதியிருந்தீர்கள். அவரும் உங்களைப் பற்றி மிக நன்றாக எழுதியிருந்தார்."

இரண்டு தாள்களும் அவருடைய கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே என்னுடையது, மடிப்புக் கோட்டுடன்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். என்னுடையதுதான் புகழ்ச்சி, அவருடையதுதான் குறை என்று. கடிதத்தின் மை காய்ந்திருக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பெண்ணைப் பற்றியே கேட்டேன். "இது முடிந்த பிறகு உங்களுக்கு என்ன வேலை?"

அவர் சிரித்தார். தன் ஊரில் இருந்த அலுவலகத்தை மூடியபோது, ஊர் ஊராகப் போய் இந்த வேலையைச் செய்ய ஒப்புக்கொண்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றார். அவரும் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, எதை மாற்றினேன் என்று சொன்னவர்தான். "அடுத்து பிரிஸ்பேன். அதற்குப் பிறகு யாரைக் குறைப்பது என்று பார்த்தால், நான்தான் மிஞ்சுவேன்." மஞ்சள் தாள் கட்டைப் பையில் போட்டார். சில மாதங்களில் அவருக்கும் வேலை போய்விட்டது என்று சென்னைக்காரர் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைக் கணினியிலிருந்து எடுக்கும்படி வந்த தொலைநகலை அவர் பார்த்திருந்தார். தன் பெயரையும் எடுக்கும்படி ஒன்று வரும் என்று எதிர்பார்த்தபடி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்னிக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அண்ணை போன பிறகு நான் ரயிலில் போகத் தொடங்கினேன். ரானுயியிலிருந்து நகரத்துக்கு ஒன்று, அங்கிருந்து மனுரேவாவுக்கு ஒன்று. ஸ்டோர்ஸில் இப்போது ஆறு பேரின் வேலையை மூன்று பேர் செய்தோம். யாரும் லீவு கேட்கவில்லை. இருமல் வந்தவர்கள் கழிப்பறைக்குள் போய் இருமினார்கள். மாதத்துக்கு ஒரு மாற்றமாவது செய்து காட்ட வேண்டும் என்று புதிய விதி வந்ததால் நான் லேபிள்களின் நிறத்தை மாற்றினேன். அடுத்த மாதம் பழைய நிறத்துக்கே மாற்றி, அதையும் மாற்றமாக எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை என் வீட்டுக்கு வருவார். எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டார் என்று சொல்வார். ஒவ்வொன்றுடனும் என் படிவத்தின் ஒரு கொப்பியை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஹென்டர்சனில் ஒரு மரக்கிட்டங்கி, அவொன்டேலில் ஒரு மின்சாதனக் களஞ்சியம், பிறகு பென்ரோஸ் பக்கம் முழுவதும். ஓரிடத்திலிருந்தும் கூப்பிடவில்லை.

"அண்ணை," என்றேன் ஒருநாள், "புதுசா ஒண்டு எழுதித் தரட்டோ? வேறை மாதிரி."

"ஏன், இதிலை என்ன பிழை?"

உறையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன், அச்சுக்குப் போகும் பிரதியை வாசிப்பது போல.

"பிழை ஒண்டும் இல்லை, அண்ணை."

"பின்னை?"

அதற்குப் பதில் சொல்வதென்றால் செவ்வாய்க்கிழமை இரண்டரை மணியிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

விசா வந்தது. மனைவியும் மகளும் வந்த நாள் என்னிடம் கார் இல்லை, ஓட்டும் உரிமமும் இல்லை. அண்ணைதான் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காரைக் கழுவியிருந்தார். மனைவி நான் நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தாள். மகள் என்னை விட்டுவிட்டு அண்ணையிடம் போய் நின்றாள். தலை நரைத்தவர்தான் அப்பா என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கலாம், அல்லது அவர் சிரித்ததால் இருக்கலாம். எல்லோரும் சிரித்தோம்.

காரில் அவர்கள் பின்னால், நான் முன்னால். மாங்கெரே பாலத்தைத் தாண்டும்போது அண்ணை சொன்னார்: "தம்பி, லாச்சியைத் திறவும். பிள்ளைக்கு டொபி வாங்கி வைச்சனான்."

திறந்தேன். டொபிப் பக்கற்றோடு பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து மடியில் விழுந்தது.

"அதையும் தங்கச்சியிட்டைக் குடும். பாக்கட்டும். அவவும் இங்கிலீஸ் படிப்பிச்சவதானே."

நானே அதை எடுத்துப் பின்னால் நீட்டினேன். மனைவி பதினைந்து வருடம் ஆங்கில ஆசிரியை. ஜன்னல் பக்கம் பிடித்து நிதானமாக வாசித்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் நின்று, திரும்ப வாசித்தாள்.

"எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறார்," என்றாள் அண்ணையிடம். "ஒரு சொல் கூடக்குறைய இல்லை. இப்பிடி ஒராளைப் பற்றி எழுதக் குடுத்துவைச்சிருக்க வேணும்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார் அண்ணை. "வேலை இண்டைக்கு வரும், நாளைக்கு வரும். இது இருக்கு."

காரில் நாலு பேர் இருந்தோம். அந்தத் தாளை நேர்முக மேசைக்கு அப்பாலிருந்து வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மனைவி அதை உறைக்குள் போட்டுத் திருப்பித் தந்தாள். லாச்சியின் பூட்டுச் சரியில்லை. இரண்டு தடவை அழுத்தி மூடினேன்.

"தம்பி," என்றார் அண்ணை, சிக்னலில் நின்றபோது. "செவ்வாய்க்கிழமை மூண்டு இடத்துக்குப் போகவேணும். கொப்பி முடிஞ்சுது. டெய்ரி மெஷினிலை எழுத்து மங்கலா வருது. உம்மடை ஒபிசிலை ஒரு பத்துக் கொப்பி அடிச்சுத் தாறீரோ? அந்த உறையை எடுத்துக்கொண்டு போம், திங்கள் பின்னேரம் ஸ்டேசனிலை வந்து எடுக்கிறன்."

"ஓம், அண்ணை."

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பத்துப் பிரதிகள் எடுத்தேன். கம்பனியின் இயந்திரம் புதியது. எழுத்துகள் தெளிவாக விழுந்திருந்தன. ஒன்று சற்றுச் சரிந்திருந்தது. அதை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஒன்று எடுத்தேன்.